பேஸ் கித்தாரும் சிறிய ஆம்ப்ளிஃபையரும்: பயிற்சி, மேடை, மாற்று ஏற்பாடு

வீட்டில் பயிற்சி செய்வதற்கும், மேடையில் முதன்மைக் கருவி பழுதாகும்போது கைகொடுப்பதற்கும், விலை குறைந்த சிறிய ஆம்ப்ளிஃபையர் ஒன்று போதுமா என்னும் கேள்வி பேஸ் கித்தார் வாசிக்கும் ஒவ்வொருவர் முன்னும் வந்து நிற்கிறது. சிறிய ஆம்ப்ளிஃபையர் என இங்கே குறிக்கப்படுவது, ஏறத்தாழ 10 வாட் முதல் 50 வாட் வரை திறன் உடையதும், மின்சுற்றும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டிக்குள் அடங்கியதும், ஒரு கையால் தூக்கிச் செல்லத்தக்கதுமான கருவியாகும். வாசிப்பவர்களிடையே இதற்கு ‘காம்போ’ என்று பெயர். வழக்கமாகக் கிடைக்கும் விடை வாட் கணக்கிலேயே அமைகிறது: வீட்டுக்கு 15 வாட் போதும், மேடைக்கு 300 வாட் வேண்டும் என்பதுபோல. இது முழுத் தவறன்று; ஆனால் பார்க்க வேண்டிய இடத்தைப் பாராமல் சொல்லப்படுவது. பயிற்சியில் தேவைப்படுவது வாசிப்பவரின் காதில் சுரம் தெளிவாக விழுவது. மாற்று ஏற்பாட்டில் தேவைப்படுவது அரங்கின் ஒலியமைப்புக்குள் கித்தாரின் ஒலி தடையின்றிப் போய்ச் சேர்வது. முதலாவதைத் தீர்மானிப்பவை ஸ்பீக்கரும் பெட்டியும் அவற்றைக் கையாளும் முறையும். இரண்டாவதைத் தீர்மானிப்பது பெட்டியின் பின்பக்கத்தில் வெளியீட்டுச் சாக்கெட் ஒன்று உண்டா இல்லையா என்பது. இரண்டிலும் வாட் எண்ணுக்கு உள்ள பங்கு, அதற்குத் தரப்படும் மதிப்பைவிட மிகக் குறைவு.

இன்று ‘பயிற்சிக்கு மட்டும்’ என ஒதுக்கப்படும் திறனளவு ஒரு காலத்தில் தொழில்முறைக் கலைஞர்களின் அளவாகவே இருந்தது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 1951-இல் பிரிசிஷன் பேஸ் என்னும் மின் பேஸ் கித்தாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதற்கெனவே அவருடைய நிறுவனம் 1952-இல் வெளியிட்ட பேஸ்மேன் ஆம்ப்ளிஃபையரின் திறன் 26 வாட் அளவே. 1960-இல் ஆம்பெக் நிறுவனம் வெளியிட்ட பி-15 போர்ட்டாஃப்ளெக்ஸ் 25 வாட்டில் தொடங்கிப் பின்னர் 30 வாட்டை எட்டியது. வால்வுகள் பொருத்திய மேற்பலகையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பெட்டிக்குள் மூடி எடுத்துச் செல்லும்படி ஜெஸ் ஆலிவர் வடிவமைத்த இக்கருவி, அமெரிக்க ஒலிப்பதிவுக் கூடங்களில் பல ஆண்டுகள் நிரந்தரமாக இடம்பிடித்திருந்தது. டெட்ராய்ட் நகரின் மோடவுன் நிறுவனத்துக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் இதனோடு சேர்த்தே நினைக்கப்படுபவர். ஆயினும் அந்நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் அவருடைய கித்தார் பெரும்பாலும் ஆம்ப்ளிஃபையரைத் தவிர்த்து நேரே ஒலிப்பதிவு மேசைக்கே இணைக்கப்பட்டது. மாற்று ஏற்பாடு பற்றிய பகுதியில் இச்செய்திக்குப் பயன் உண்டு.

பெரிய ஆம்ப்ளிஃபையரின் தேவை குறிப்பிட்ட ஒரு காலத்துச் சூழலில் எழுந்தது. 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் 55,000-க்கும் மேற்பட்டோர் முன்னிலையில் பீட்டில்ஸ் குழுவினர் வாசித்தபோது, அரங்கின் ஒலிபெருக்கிகள் குரலை மட்டுமே சுமந்தன. கித்தார்களின் ஒலி மேடையில் இருந்த 100 வாட் வாக்ஸ் ஆம்ப்ளிஃபையர்களிலிருந்தே மக்களைச் சென்றடைய வேண்டியிருந்தது, அது சென்றடையவும் இல்லை. இந்த இடைவெளியை நிரப்பவே 1969-இல் ஆம்பெக் நிறுவனம் 300 வாட் திறனுள்ள எஸ்விடி என்னும் வால்வு ஆம்ப்ளிஃபையரை, எட்டு 10 அங்குல ஸ்பீக்கர்கள் கொண்ட பெட்டிகள் இரண்டோடு வெளியிட்டது. அதே ஆண்டு ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் அக்கருவி மேடையேறியது. ஸ்பீக்கர் இல்லாத தலைப்பகுதியே 35 கிலோவுக்கு மேல் எடையுள்ள அக்கருவியின் தோற்றம், பேஸ் ஆம்ப்ளிஃபையர் என்றாலே மனத்தில் எழும் உருவமாக நிலைத்துவிட்டது. ஆனால் அதன் பிறகு அரங்க ஒலியமைப்பு வளர்ந்து, பேஸ் கித்தார், டிரம் உட்பட எல்லாவற்றையும் மிக்ஸர் வழியாகவே மக்களுக்குக் கொண்டுசெல்லத் தொடங்கியதும், மேடையில் நிற்கும் ஆம்ப்ளிஃபையரின் கடமை வாசிப்பவருக்கும் அருகில் நிற்போருக்கும் கேட்கச் செய்வது என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. சூழல் மாறிய பின்னும் உருவம் மனத்தை விட்டு அகலாததே, சிறிய ஆம்ப்ளிஃபையர்மீது காட்டப்படும் அவமதிப்புக்கு முதற்காரணம்.

இரண்டாவது காரணம் இயற்பியல் சார்ந்தது. அதற்கு வலு உண்டு. நான்கு தந்தி பேஸ் கித்தாரின் மிகத் தாழ்ந்த தந்தி, விரல் வைக்காமல் மீட்டப்படும்போது நொடிக்கு 41.2 முறை, அதாவது 41.2 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அதிர்கிறது. அடுத்தடுத்த தந்திகள் 55, 73.4, 98 ஹெர்ட்ஸில் அதிர்கின்றன; ஐந்து தந்திக் கருவியில் கூடுதலாக வரும் தந்தி 31 ஹெர்ட்ஸை ஒட்டி நிற்கிறது. காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர் எனக் கொண்டால், 41.2 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 8.3 மீட்டர்; சாதாரண வீட்டு அறையின் நீளத்தைவிட அது பெரிது. ஒலியை உண்டாக்குவது ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னும் பின்னுமாக அசைந்து தள்ளும் காற்று. ஒரே உரப்பை நிலைநிறுத்த வேண்டுமானால், அதிர்வெண் பாதியாகக் குறையும்போது தள்ளப்பட வேண்டிய காற்றின் கனஅளவு நான்கு மடங்காகிறது. எனவே 98 ஹெர்ட்ஸ் தந்தியிலிருந்து 41.2 ஹெர்ட்ஸ் தந்திக்கு இறங்கும்போது கூம்பு ஐந்தரை மடங்குக்கும் மேல் காற்றைத் தள்ளியாக வேண்டும். 8 அங்குல ஸ்பீக்கரின் பயன்படு பரப்பு ஏறத்தாழ 210 சதுர சென்டிமீட்டர், 15 அங்குலத்தில் அது 850 அளவில் இருக்கும். அதாவது சிறிய கூம்பு பெரியதற்கு ஈடுகொடுக்க நான்கு மடங்கு தொலைவு அசைய வேண்டும். விலை குறைந்த ஸ்பீக்கர்களின் கூம்பு ஒழுங்காக அசையக்கூடிய தொலைவு சில மில்லிமீட்டர்களே. அந்த எல்லையைத் தாண்டும்போது எழுவதுதான், சிறிய ஆம்ப்ளிஃபையரைப் பழித்துப் பேசுவோர் அனைவரும் சுட்டும் கொரகொரப்பு.

பெட்டியும் தன் பங்குக்கு ஒரு கட்டுப்பாட்டை விதிக்கிறது. கேஎல்ஹெச் என்னும் அமெரிக்க ஸ்பீக்கர் நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரும், புகழ்பெற்ற பியானோ கலைஞர் யோசஃப் ஹாஃப்மனின் மகனுமான ஆண்டன் ஹாஃப்மன் வகுத்ததும், ‘இரும்பு விதி’ என இத்துறையினர் குறிப்பிடுவதுமான கோட்பாட்டின்படி, தாழ்ந்த ஒலி, சிறிய பெட்டி, மின்திறனை வீணாக்காத உரப்பு ஆகிய மூன்றில் இரண்டை மட்டுமே ஒரு நேரத்தில் பெற முடியும். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இல் தொடங்கி வைத்து, ரிச்சர்ட் ஸ்மால் 1970களில் விரிவாக்கிய கணக்கு முறை, ஸ்பீக்கருக்கேற்ற பெட்டியைத் தோராயமாக அல்லாமல் துல்லியமாகத் திட்டமிட வழிவகுத்தது. எனினும் அது இவ்விதியை நீக்கவில்லை. விதியின் எல்லைக்குள் எவ்வளவு பெறலாம் என்பதையே தெளிவாக்கியது. 8 அங்குலக் காம்போக்களில் பெரும்பாலானவை 80 ஹெர்ட்ஸை அடையும் முன்பே தளரத் தொடங்கி, 41 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய ஒன்றும் தராமல் போவது இதன் விளைவு. வாட்டைக் கூட்டினால் இக்குறை தீராது. 15 வாட்டிலிருந்து 300 வாட்டுக்குப் போவது இருபது மடங்கு உயர்வு என்றாலும், டெசிபெல் கணக்கில் அது 13 மட்டுமே; 10 டெசிபெல் கூடினால்தான் காதுக்கு ஒலி இரு மடங்காகத் தோன்றும் என்பதால், இருபது மடங்குத் திறன் தருவது ஏறத்தாழ இரண்டரை மடங்கு உரப்பே. அதே 13 டெசிபெல், ஸ்பீக்கரின் உணர்திறனிலிருந்து, அதாவது ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தொலைவில் அது எழுப்பும் உரப்பிலிருந்து, ஒரு வாட்கூடக் கூட்டாமலே கிடைக்கலாம். விற்பனை அட்டைகள் வாட்டைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு உணர்திறனைப் பெரும்பாலும் சொல்லாமலே விடுவது வாங்குவோருக்குச் செய்யப்படும் அநீதி.

இவ்வளவு குறைபாடுகளுக்குப் பிறகும் சிறிய ஆம்ப்ளிஃபையரில் வாசிக்கப்படும் பேஸ், பேஸாகவே கேட்கிறது. இதற்கு விடை ஸ்பீக்கரில் இல்லை. கேட்பவரின் செவியிலும் மூளையிலும் இருக்கிறது. 41.2 ஹெர்ட்ஸில் அதிரும் தந்தி அந்த அடிப்படை அதிர்வெண்ணை மட்டும் எழுப்புவதில்லை. அதன் முழு மடங்குகளான 82, 124, 165 ஹெர்ட்ஸ் எனச் சீரிசைகளின் வரிசையையும் சேர்த்தே எழுப்புகிறது. மின் பேஸ் கித்தாரில், காந்தப் பிக்கப் இருக்கும் இடத்தைப் பொறுத்து, இரண்டாம் சீரிசை அடிப்படையைவிட வலுவாக அமைவதும் உண்டு. அடிப்படை அதிர்வெண்ணை அறவே நீக்கிவிட்டு மேலுள்ள சீரிசைகளை மட்டும் கேட்கச் செய்தாலும், அவற்றுக்கிடையிலான ஒழுங்கான இடைவெளியிலிருந்து மூளை அடிப்படைச் சுரத்தை உணர்ந்துகொள்கிறது. ஜெர்மானிய அறிஞர் ஆகஸ்ட் ஸீபெக் 1841-இல் சைரன் கருவியைக் கொண்டு செய்த சோதனைகளில் இதைக் கவனித்தார். நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வகத்தில் யான் ஸ்கௌட்டன் 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதை மீண்டும் ஆய்ந்து உறுதிப்படுத்தினார். தமிழ்நாட்டு மக்கள் இதை ஆய்வுக்கூடத்துக்குப் போகாமலே பல்லாண்டுகள் அனுபவித்திருக்கிறார்கள். 1976-க்குப் பிறகு இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கித்தார் மெட்டுக்கு அடியில் தனி மெட்டாகவே நடந்தது. அதைப் பெரும்பாலோர் கேட்டது தேநீர்க் கடை வானொலியிலும், உள்ளங்கையளவு ஸ்பீக்கர் கொண்ட டிரான்சிஸ்டரிலும், பேருந்து டேப் ரெக்கார்டரிலும்தான். 41 ஹெர்ட்ஸை அந்த ஸ்பீக்கர்கள் எழுப்பியிருக்க வழியே இல்லை. ஆயினும் அந்த பேஸ் நடையை முணுமுணுக்கத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். ஆகவே, சுரம் எது, அது எப்போது தொடங்கி எப்போது முடிகிறது, முந்தைய சுரத்தோடு அது எப்படிச் சேர்கிறது என்பவற்றை அறிய 8 அங்குலக் காம்போ தாராளமாகப் போதும். இழக்கப்படுவது, மார்பில் வந்து மோதும் அந்த அழுத்தம் மட்டுமே.

செவியின் மற்றோர் இயல்பு பயிற்சி செய்பவரைத் தவறான திசைக்கு இழுக்கிறது. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹார்வி ஃப்ளெட்சரும் வைல்டன் மன்சனும் 1933-இல் வெளியிட்ட ஆய்வு, தாழ்ந்த ஒலிகளுக்கு மனிதச் செவி எவ்வளவு மந்தமானது என்பதையும், ஒட்டுமொத்த உரப்பு குறையக் குறைய அம்மந்தம் எவ்வளவு கூடுகிறது என்பதையும் வரைகோடுகளாகக் காட்டியது. இன்றைய பன்னாட்டுத் தர அளவீட்டின்படி, 1,000 ஹெர்ட்ஸில் 40 டெசிபெல் அளவில் கேட்கும் மெல்லிய ஒலிக்கு இணையாக 40 ஹெர்ட்ஸ் ஒலி தோன்ற வேண்டுமானால் அது 80 டெசிபெலைத் தாண்டியாக வேண்டும். இரவில் அண்டை வீட்டாருக்கு அஞ்சி ஒலியளவைக் குறைத்து வாசிப்பவருக்கு முதலில் மறைவது அடித்தளம்தான். அவர் உடனே செய்வது ‘பேஸ்’ என எழுதியிருக்கும் குமிழை வலப்பக்கம் முழுவதும் திருப்புவது. அந்தக் கணத்தில் முன்வலைக்குப் பின்னால் நடப்பதைக் கூர்ந்து பார்த்தால் உண்மை புலப்படும்: தடித்த தந்தியைத் திறந்தபடி மீட்டியதும் கூம்பு கண்ணுக்குத் தெரியும்படி முன்னும் பின்னும் துள்ளுகிறது, அதன் விளிம்பு படபடக்கிறது, ஆனால் காதில் விழுவது தாழ்ந்த ஒலியன்று, காகிதம் உரசுவது போன்ற இரைச்சலே. பெட்டியால் எழுப்ப முடியாத அதிர்வெண்ணுக்காக இருக்கும் திறன் முழுவதும் செலவாகிவிட்டது. அதே குமிழை நடுநிலைக்கும் சற்றுக் கீழே இறக்கி, 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரையிலான இடைப்பகுதியை ஆளும் ‘மிட்’ குமிழைச் சிறிது உயர்த்தினால், கூம்பின் துள்ளல் அடங்கி, அதே தந்தி உருண்டு திரண்டு கேட்கிறது. ஒட்டுமொத்த ஒலியளவையும் முன்னைவிடக் கூட்ட முடிகிறது.

பெட்டியை வைக்கும் இடமும் கணிசமான வேறுபாட்டை உண்டாக்கும். தரையிலிருந்து உயர்த்தி அறையின் நடுவே நாற்காலிமீது வைத்தால் தாழ்ந்த ஒலி நாற்புறமும் சிதறுகிறது. தரையில், சுவரை ஒட்டி, மூலையில் வைத்தால் அப்பரப்புகள் ஒலியைத் திருப்பி அனுப்பி அடித்தளத்தை வலுப்படுத்துகின்றன. சில டெசிபெல்களை இவ்வாறு செலவின்றிப் பெறலாம். அதற்குரிய விலை, சுவரும் தரையும் வழியாகக் கீழ் வீட்டுக்கு அதிர்வு இறங்குவது. இன்றைய அடுக்குமாடிக் குடியிருப்பில் அதற்கு ஹெட்ஃபோனே வழி. காதை ஒட்டிச் சிறிதளவு காற்றை மட்டும் அசைக்க வேண்டியிருப்பதால் நல்ல ஹெட்ஃபோன் 41 ஹெர்ட்ஸையும் சிரமமின்றித் தருகிறது. அந்த அளவில் எந்தச் சிறிய காம்போவையும் அது விஞ்சிவிடும். எனவே ஹெட்ஃபோன் சாக்கெட்டும், பாடலையோ தாளக் கணக்கையோ செல்பேசியிலிருந்து உடன் ஒலிக்கச் செய்யும் துணை உள்ளீடும் இல்லாத பயிற்சி ஆம்ப்ளிஃபையரை வாங்குவதில் பொருளில்லை. ஆனால் ஹெட்ஃபோனில் மட்டுமே வாசித்துப் பழகியவருக்கு, ஒலி அறையில் பரவிப் பிறரோடு கலக்கும்போது தன் தொடுகை எவ்வாறு கேட்கும் என்பது தெரியாமல் போகும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தொடுகையைப் பொறுத்தவரை சிறிய ஆம்ப்ளிஃபையரால் நன்மையும் தீமையும் உண்டு. பெரிய பெட்டியின் முழக்கமும், அறைச் சுவர்களுக்கிடையே சில அதிர்வெண்கள் மட்டும் பெருகி நிற்கும் இயல்பும் வாசிப்பின் ஏற்றத்தாழ்வை மூடி மறைக்கின்றன. சிறிய பெட்டியிலோ இரு விரல்களின் வலிமை வேறுபாடு, கம்பியில் தந்தி உரசும் ஓசை, அடுத்த சுரத்துக்குத் தாவும்போது முந்தைய தந்தியை அணைக்க மறந்தமை யாவும் மறைவின்றி வெளிப்படுகின்றன. ஒரு நல்ல ஆசிரியர் சுட்டிக்காட்டும் குறைகளும் இவையே. தீமை என்னவெனில், ஒலி போதவில்லை என்ற உணர்வில் வாசிப்பவர் தம்மை அறியாமலே தந்தியை வன்மையாக இழுக்கத் தொடங்குகிறார். அப்பழக்கம் மணிக்கட்டு வலியாகவும் சுரத்தின் தொடக்கத்தில் எழும் தட்டல் ஓசையாகவும் நிலைத்துவிடக்கூடும். ஒலியளவுக் குமிழைத் தேவைக்குச் சற்று மேலே வைத்து விரலை மென்மையாக்குவது, குமிழைக் குறைத்து விரலை வன்மையாக்குவதைவிட எப்போதும் நல்லது.

கையில் இருக்கும் சாதாரண கித்தார் ஆம்ப்ளிஃபையரிலேயே பேஸையும் வாசிக்கலாகாதா என்ற கேள்விக்கு விடை சுருக்கமானது. அத்தகைய பெட்டிகள் பெரும்பாலும் பின்பக்கம் திறந்தவை. கூம்பின் முன்னும் பின்னும் எழும் தாழ்ந்த அலைகள் ஒன்றையொன்று அழித்துவிடுவதோடு, பின்னால் காற்றின் தடை இல்லாத கூம்பு எல்லை மீறி அசைந்து கிழியவும் கூடும். மிகக் குறைந்த ஒலியளவில் தீங்கில்லை. உரப்பைக் கூட்டினால் ஸ்பீக்கருக்கு ஆபத்து. கீபோர்டுக்கென வரும் ஆம்ப்ளிஃபையர்கள் இவ்வகையில் எவ்வளவோ பாதுகாப்பானவை.

சந்தைக்கு வந்தவற்றை இந்நோக்கில் வரிசைப்படுத்தினால் வாட் வரிசையிலிருந்து மாறுபட்ட படம் கிடைக்கிறது. ஃபெண்டர் நிறுவனத்தின் ரம்பிள் 25, ஆம்பெக்கின் பிஏ-108, ஆரஞ்சு நிறுவனத்தின் கிரஷ் பேஸ் 25 ஆகிய மூன்றும் 8 அங்குல ஸ்பீக்கரும் 20 முதல் 25 வாட் வரை திறனும் உடையவை. பயிற்சிக்கு மூன்றும் தகுதியானவையே. பிஏ-108 பெட்டியைப் பின்புறமாகச் சாய்த்து ஸ்பீக்கர் வாசிப்பவரின் முகத்தை நோக்கும்படி வைக்க முடிவதும், கிரஷ் பேஸில் சுருதி சேர்க்கும் கருவி உள்ளடங்கியிருப்பதும் அன்றாடப் பயன்பாட்டில் வாட்டைவிடப் பெரிய வசதிகள். ஹார்ட்கியின் எச்டி15 போன்ற 6.5 அங்குலக் கருவிகள் படுக்கையறைக்கு வெளியே போக வல்லவையல்ல. ரோலண்டின் மைக்ரோ கியூப் பேஸ் ஆர்எக்ஸ், நான்கு 4 அங்குல ஸ்பீக்கர்களை ஒன்றுசேர்த்து, சாதாரணப் பேட்டரிகளிலும் இயங்கியது. பல சிறு கூம்புகள் சேர்ந்து ஒரு பெரிய கூம்பின் பரப்பை ஈடுசெய்யலாம் என்ற இக்கருத்தை ஃபில் ஜோன்ஸ் தம் நிறுவனத்தின் 4, 5 அங்குல ஸ்பீக்கர் பெட்டிகளில் நெடுந்தொலைவு கொண்டுசென்றுள்ளார், ஆனால் அவற்றின் விலை மலிவு என்ற எல்லைக்குள் அடங்குவதில்லை. ரம்பிள் 25-க்கு ஒரு படி மேலான ரம்பிள் 40, 10 அங்குல ஸ்பீக்கரோடு எட்டுக் கிலோ அளவிலேயே எடையுள்ளது. அதன் சிறப்பு கூடுதல் 15 வாட்டில் இல்லை. அந்த உயர்வு 2 டெசிபெல்தான். பின்பக்கத்திலுள்ள எக்ஸ்எல்ஆர் வெளியீட்டுச் சாக்கெட்டில்தான் அதன் சிறப்பு அடங்கியிருக்கிறது. பயிற்சிக் கருவி மாற்றுக் கருவியாகவும் உயர்வது இந்தச் சாக்கெட் இருக்கும் இடத்தில்தான்.

எக்ஸ்எல்ஆர் என்பது மைக் கேபிள்களில் காணப்படும் மூன்று முனை இணைப்பு. கித்தாரின் காந்தப் பிக்கப்பிலிருந்து வரும் மின்குறிப்பு மிக மெலிந்தது. அது உயர்ந்த மின்மறுப்பு உடையது, அதாவது அடுத்துள்ள கருவி சிறிதளவு மின்னோட்டத்தைக் கேட்டாலும் தளர்ந்துவிடக்கூடியது. அதை நீண்ட கேபிளில் நேரே மிக்ஸருக்கு அனுப்பினால் கூர்மை மழுங்கும், மின் இரைச்சலும் புகும். ஒரே குறிப்பை இரு கம்பிகளில் எதிரெதிர்த் துருவநிலையில் அனுப்பி, மறுமுனையில் அவற்றின் வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொண்டால், வழியில் இரண்டிலும் ஒருபோலப் புகுந்த இரைச்சல் தானே நீங்கிவிடும். ‘பேலன்ஸ்டு’ இணைப்பு எனப்படும் இம்முறைக்குக் கித்தாரின் குறிப்பை மாற்றித் தருவதே டி.ஐ. பெட்டியின் வேலை. ஜேமர்சனின் கித்தார் ஒலிப்பதிவு மேசைக்குச் சென்றது இவ்வழியில்தான். தமிழ்நாட்டு மெல்லிசைக் கச்சேரி மேடைகளிலும் தேவாலயங்களிலும் பேஸ் கித்தார் நேரே மிக்ஸருக்குப் போவது இன்று பரவலான வழக்கம். எக்ஸ்எல்ஆர் வெளியீடுள்ள சிறிய காம்போ, டி.ஐ. பெட்டியும் மேடை மானிட்டரும் ஒன்றாகச் சேர்ந்த கருவியாகிறது: மக்களுக்கான ஒலியை அரங்க ஸ்பீக்கர்கள் எழுப்ப, வாசிப்பவரின் காலடியில் சாய்த்து வைத்த காம்போ அவருக்குச் சுரத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். அரங்க ஒலியமைப்பு இல்லாத இடத்தில் இக்கருவியால் டிரம்முக்கு ஈடுகொடுக்க முடியாது என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 100 டெசிபெலை எளிதில் தாண்டும் டிரம் ஒலிக்கு முன் 25 வாட்டும் 8 அங்குலமும் நிற்க மாட்டா.

எக்ஸ்எல்ஆர் இல்லாத மலிவுக் காம்போவில் அவசரத்துக்கு ஹெட்ஃபோன் சாக்கெட்டிலிருந்து மிக்ஸருக்கு இணைப்போர் உண்டு. இதில் பலரையும் திகைக்க வைக்கும் ஒரு பொறி இருக்கிறது. ஹெட்ஃபோன் சாக்கெட் இடக் காதுக்கும் வலக் காதுக்கும் ஒரே குறிப்பை இரு முனைகளில் தருகிறது. மூன்று தொடர்புள்ள ஸ்டீரியோ கேபிளால் அதை மிக்ஸரின் பேலன்ஸ்டு உள்ளீட்டில் செருகினால், மிக்ஸர் இரு முனைகளின் வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்வதால் விளைவது ஏறக்குறைய முழு அமைதி. ஆம்ப்ளிஃபையரும் நன்றாக இருக்கிறது, மிக்ஸரும் நன்றாக இருக்கிறது, ஒலி மட்டும் இல்லை. ஒரு காதின் முனையை மட்டும் பிரித்துத் தரும் ‘ஒய்’ வடிவக் கேபிள் இதற்குத் தீர்வு. அதைக் கித்தார்ப் பையிலேயே வைத்திருப்பது அறிவுடைமை. ஸ்பீக்கருக்குச் செல்லும் வெளியீட்டை மிக்ஸரில் செருகுவது மட்டும் எந்நிலையிலும் கூடாது; அதிலுள்ள மின்னழுத்தம் மிக்ஸரின் உள்ளீட்டைப் பொசுக்கிவிடும்.

அந்த ஸ்பீக்கர் வெளியீட்டுக்கு உரிய பயன் வேறு. அரங்கில் பெரிய பெட்டி நன்றாக இருந்து, அதை இயக்கும் தலைப்பகுதி மட்டும் பழுதானால், வெளி ஸ்பீக்கர் இணைப்புள்ள சிறிய காம்போவைக் கொண்டே அப்பெட்டியை இயக்கலாம். எட்டு 10 அங்குல ஸ்பீக்கர்கள் கொண்ட பெட்டியின் உணர்திறன் 100 டெசிபெல் அளவில் இருக்கும். அதற்கு 25 வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் 114 டெசிபெல் எழும் எனக் கணக்கு காட்டுகிறது. அதே 25 வாட் தன் சொந்த 8 அங்குல ஸ்பீக்கரில் எழுப்புவதைவிட இது 10 டெசிபெலேனும் கூடுதல், அதாவது காதுக்கு இரு மடங்கு. பெட்டியின் மின்மறுப்பு, காம்போவின் பின்பக்கத்தில் குறித்துள்ள குறைந்தபட்ச ஓம் அளவுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வது ஒன்றே நிபந்தனை. வாட் எண்ணைக் கண்டு அஞ்சுவது எவ்வளவு வீண் என்பதை ஒரு முறை இச்சோதனையைச் செய்து பார்த்தவர்கள் அறிவார்கள்.

மாற்றுக் கருவியாக எதை எடுத்துச் செல்வது என்பதில், காம்போவுக்குப் போட்டியாக இன்று இரு பொருள்கள் உள்ளன. ஒன்று, டெக் 21 நிறுவனத்தின் சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர் டி.ஐ. போன்ற, கையடக்கமான முன்பெருக்கிப் பெட்டி. மற்றொன்று, ‘கிளாஸ் டி’ எனப்படும் முறையில் இயங்கி, வெளியீட்டு டிரான்சிஸ்டர்களை மிக வேகமாக இயக்கியும் நிறுத்தியும் வெப்பத்தைக் குறைப்பதால், சில நூறு வாட்டையும் இரண்டு மூன்று கிலோவுக்குள் அடக்கிவிடும் தலைப்பகுதி. மேடையில் நல்ல மானிட்டரும் மிக்ஸரும் உறுதி என்றால் முன்னது போதும். பெரிய ஸ்பீக்கர் பெட்டி உறுதி என்றால் பின்னது நல்லது. எதுவும் உறுதியில்லாத இடத்தில், தன் ஸ்பீக்கரைத் தானே கொண்டுவரும் காம்போ ஒன்றே எல்லா நிலையிலும் ஏதோ ஓர் ஒலியைத் தரும் என்பதால், சிறு குழுக்களில் வாசிப்போருக்கு அதுவே தகுந்தது என்று கொள்ளலாம்.

மின்சாரம் பற்றிய இரண்டு செய்திகள் இக்கேள்வியில் வழக்கமாக விடுபட்டுப் போகின்றன. அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கி வரும் ஆம்ப்ளிஃபையர் பெரும்பாலும் 120 வோல்ட்டுக்கு மட்டும் அமைந்தது. இந்தியாவின் 230 வோல்ட் சாக்கெட்டில் நேரே செருகினால், நல்வாய்ப்பு இருந்தால் ஃபியூஸும், இல்லையெனில் உள்ளேயுள்ள டிரான்ஸ்ஃபார்மரும் எரியும். பின்பக்கத் தகட்டில் இரு மின்னழுத்தங்களும் குறிக்கப்பட்டுள்ளனவா என்று பார்த்து, இல்லையெனில் மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மரோடு சேர்த்தே பயன்படுத்த வேண்டும். இரண்டாவது, பூமித்தொடர்பு. கித்தாரின் தந்திகள் ஆம்ப்ளிஃபையரின் உலோகச் சட்டத்தோடு மின்தொடர்பில் இருப்பவை. தந்தியில் கை வைத்தபடி மைக்கைத் தொடும் ஒருவரின் உடல், இரு கருவிகளின் பூமித்தொடர்பில் ஒன்று தவறியிருந்தால், மின்னோட்டத்தின் பாதையாகிவிடுகிறது. ஸ்டோன் த குரோஸ் குழுவின் கித்தார் கலைஞர் லெஸ்லி ஹார்வி 1972 மே மாதம் வேல்ஸின் ஸ்வான்சி நகர மேடையில், பூமித்தொடர்பு சரியில்லாத மைக்கைத் தொட்டு மின்தாக்கி உயிரிழந்தார். விழா மேடைகளுக்கு இழுக்கப்படும் தற்காலிக இணைப்புகளில் இந்த ஆபத்து இன்றும் அப்படியே உள்ளது. இரு துளைச் சாக்கெட்டில் செருகுவதற்காக மூன்றாம் பின்னை வெட்டி எறிந்த வயரோடு வரும் பழைய காம்போவை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், புது வயர் பொருத்திப் பூமித்தொடர்பைச் சோதித்த பிறகே கித்தாரோடு இணைக்க வேண்டும்.